214ஆம் எண் வில்லை

சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் கழற்றிக்கொள்வார். பலகை காலியாக இருந்தால் கீழே யாரும் இல்லை என்று அர்த்தம். அன்று பத்தரை மணிக்குப் பலகை காலி. ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்குபவர் இயந்திர அறையைப் பூட்டிவிட்டுப் பாராட்டு விழாவுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பூட்டிய அறைக்குள், கீழேயிருந்து கூண்டைக் கூப்பிடும் மணி அடித்தது. முதலில் விட்டுவிட்டு, முறைப்படி. பிறகு ஆத்திரமாக, நிறுத்தாமல்.

முப்பத்தெட்டு வருடம் உழைத்த ஏசுபாதத்துக்குத்தான் விழா. "இன்னிக்கு ஒரு நாளாவது இறங்காதேய்யா" என்று காலையில் மனைவி லூர்து கெஞ்சியதற்கு, "அப்ப தண்ணி இறைக்கிற பம்பை யாரு பாக்கறது, மேனேஜரா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனவர், இன்னும் வந்து சேரவில்லை. மேடையில் மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் லூர்துவை மேலே ஏற்றி, கண்ணாடிச் சட்டம் போட்ட நினைவுப் பரிசை அவள் கையில் திணித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்குள், சிவப்புப் பட்டின்மேல், 214 என்று பொறித்த பித்தளை வில்லை மின்னியது.

"சார், இது ஏது?"

"ஒரிஜினல்மா!" என்றார் அலுவலக எழுத்தர் பெருமையாக. "ஏழு மணிக்கே பலகையிலேருந்து நானே கழட்டிட்டுப் போய் பிரேம் போட்டேன். இப்படித் திரும்புங்க, போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிங்க."