முள்முடிச் செடிக்குத் தண்ணீர்

கல்லறைத் தோட்டத்தின் கேட் கிரீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வெயிலில் வேறு யார் வரப்போகிறார்கள்? பிலோமினா மதினிதான். புருஷனின் அக்கா.

கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். அது இல்லாமல் மதினி இங்கே வந்ததே இல்லை.

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். இன்றைக்குத் தடுக்கக் கூடாது. ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது.

வெயில் என்றால் அப்படியொரு வெயில். நிழல் என்று இருந்தது சிலுவைகளின் நிழல்தான், அதுவும் இந்நேரத்துக்குச் சாண் அளவுகூட இல்லை. கடற்காற்று உப்பை அள்ளிவந்து ஏழை பணக்காரன் பார்க்காமல் எல்லாக் கல்லறை மேலும் பூசிவிட்டுப் போனது.

அவள் புருஷன் ரெமிஜியுஸ் இருக்குமிடத்தில் சிமென்ட் கரைக்கு நடுவே மண்ணாக விட்டிருந்தார்கள். அந்த மண்ணில் நின்றது செடி. நர்சரியில் யூஃபோர்பியா என்கிறார்கள். ஊருக்கு அது முள்முடிச் செடி. விரல் கனத்தில் ஒரு தண்டு, உடம்பெல்லாம் முள், உச்சியில் புதிதாக விட்ட நாலு இலை.

நேற்றுவரை பூவில்லை. இன்று ஒரு ஜோடி, சட்டைப் பொத்தான் அளவில், நல்ல சிவப்பு.

நாளைக் காலை அவளுக்கு ரயில். மகன் ஜெரால்டு ஓசூரில் வீடு பிடித்துவிட்டான். இனிமேல் இங்கே தினமும் வரப்போகிறவள் மதினி ஒருத்திதான்.

பயமே அதுதான்.

முதலில் ரோஜா வைத்திருந்தாள். பிறகு கேந்தி. ஒரு காய்ச்சலில் அவள் படுத்தாள், அத்தனையும் கருகிவிட்டன. தான் படுத்தால் அவருக்குப் பூ கிடையாது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"பிளாஸ்டிக் பூ வச்சிரலாம்மா" என்றான் ஜெரால்டு. அவள் போனை வைத்துவிட்டாள்.

நேரே நர்சரிக்குப் போனாள். தண்ணீர் இல்லாமல், ஆள் இல்லாமல், வெயிலைத் தின்று பூக்கிற செடி வேண்டும் என்று கேட்டு நின்றாள்.

முதல் செடி நன்றாகத்தான் வந்தது. கல்லறைத் திருநாள் நெருங்கியதும் சொந்தபந்தமெல்லாம் கல்லறை கழுவ வந்தார்கள். குடம் குடமாக ஊற்றிக் கழுவினார்கள். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினார்கள், பாவம் என்று. அதற்குப் பிறகு மதினி தினம் ஒரு பாட்டில். ஒருநாள் இவள் தண்டைத் தொட்டாள். வெந்த பீர்க்கங்காயாகக் கையோடு வந்தது.

பாசத்தைக் கொட்டியே கொன்றுவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வீட்டுத் தொட்டியில் இருந்த இன்னொன்றில் ஒரு கிளையை வெட்டினாள். வெட்டுவாயில் பால் பொங்கியது. கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து என்று கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரத்தோடு நட்டால் அழுகும். பால் நின்று, காயம் உலர்ந்து தோல் கட்டும்வரை கிளையை நிழலில் போட்டுவிட்டுப் பொறுத்திருந்தாள். செம்மண்ணில் செங்கல் பொடியைக் கலந்து இங்கே கொண்டுவந்து நட்டாள்.

அன்றைக்கும் மதினி வந்தாள்.

"ஏளா, எந் தம்பி நெஞ்சுலயா முள்ள நட்டு வைக்கே?"

அவள் மண்ணை அமுக்கினாள். மதினி பாட்டிலைத் திறந்ததும் குறுக்கே கையை நீட்டினாள்.

"ஊத்தாதீங்க மதினி. அழுகிரும்."

"அவனுக்கும் இப்படித்தான் தண்ணி குடுக்க விடல நீ."

சொல்லிவிட்டு மதினி போய்விட்டாள். அந்தச் சொல் போகவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டிருந்தது. தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவர் தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். செம்பை ஒளித்து வைத்தவள் அவள்தான். ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைப்பாள். அவர் துணியைக் கடித்து உறிஞ்சப் பார்ப்பார். விடமாட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான்.

கொஞ்ச நாள் இருந்தார்.

செடி நட்ட பிறகு தினமும் மதினி வருகிற நேரத்துக்கு இவளும் வந்து காவல் நின்றாள். கோடை முற்றியது. இலைகள் உதிர்ந்து செடி மொட்டைக் குச்சியானது. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்துவிட்டாள். மூடியைத் திறந்தாள். நின்றாள். மூடிவிட்டாள். மதினியைத் தடுத்ததைவிட அது கஷ்டமாக இருந்தது.

நாளையிலிருந்து காவல் இல்லை. இன்றைக்குக் கையைப் பிடித்து என்ன பிரயோசனம்?

மதினி வந்துவிட்டாள். மூச்சு வாங்க முழங்கால் போட்டாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். உதடு முணுமுணுத்தது. கண்ணைத் திறந்தவள் பூவைக் கண்டாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

பாட்டிலைத் திறந்தாள்.

முந்தானைக்குள் அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

மதினி தன் சேலைத் தலைப்பில் தண்ணீரை ஊற்றி நனைத்தாள். எட்டி, சிலுவையில் வெட்டியிருந்த தம்பியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஒற்றி ஒற்றித் துடைத்தாள். ஈரம் கீழே இறங்குவதற்குள் வெயில் அதைக் குடித்துவிட்டது. செடிப் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை.

பிறகு எழுந்து பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

"நாக்கு வறண்டுபோயி நிக்கியே. குடி."

அவள் வாங்கிக்கொண்டாள். அவள் குடித்து முடிக்கும்வரை மதினி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.