மஞ்சள் முத்துமாலை

கூடத்தில் மாட்டியிருந்த பழங்காலத்து ராணி ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகிய புதுத் தூரிகைக்குத் தலைகால் புரியவில்லை.

"அதே மூக்கு! அதே மஞ்சள் முத்துமாலை! இம்மியும் பிசகலையே!" என்று தான் வரைந்து முடித்த நகலைப் பார்த்துக் குதித்தது.

"முத்துக்கு என்னையும் கொஞ்சம் தொட்டுக்கோயேன்" என்றது மூடியே திறக்காத வெள்ளைச் சாயம்.

"அசல்ல வெள்ளை எங்கே இருக்கு? கண்ணைத் திறந்து பாரு!"

அந்த நேரம் ஈரப் பஞ்சு ஒன்று வந்து, பழைய ஓவியத்தில் காலங்காலமாகப் படிந்திருந்த விளக்குப் புகையையும் அழுக்கையும் பக்குவமாகத் துடைத்தெடுத்தது. ராணியின் கழுத்தில் முத்துக்கள் வெள்ளை வெளேரென்று சிரித்தன.

"இப்ப பாரு!" என்று துள்ளியது வெள்ளை.

"ஐயையோ, அசலையே கெடுத்துட்டியே பாவி!" என்று பஞ்சைப் பார்த்து அலறிய தூரிகை, மஞ்சளை நன்றாகத் தோய்த்துக்கொண்டு ராணியின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தது.