வடக்கே போன தூண்டில்

"அண்ணே, அந்த வாய்ஸ் மெசேஜை அழிச்சிருங்க. இப்பவே."

செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்த பக்கத்து வீட்டு ஆர்தர், கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். காளிதாசன் நாற்காலியை விட்டு எழவில்லை. இதுதான் சாக்கு என்று எதிரிலிருந்த ஓட்ஸ் கஞ்சியை மட்டும் தள்ளி வைத்தார்.

"எதுக்கு அழிக்கணும்? வெளிநாட்டுக்காரன் உள்ள வந்தா வரின்னு சியாம்காரன் போடுறான். அநியாயம்னு சொன்னேன். போலீசா வந்து புடிக்கப் போவுது?"

"போலீஸ் இல்லண்ணே. நவமணி அக்கா."

காளிதாசனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாக்கார் ஆராங்கில் அவர்கள் குடியிருக்கும் தாமானில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் அவர் மனைவி நவமணியும் உண்டு.

இரண்டு வாரமாகப் பேச்சாக இருந்த அந்தத் தாய்லாந்து நுழைவு வரி அன்று காலை பேப்பரில் வந்ததும் குழு இரண்டுபட்டது. 'அவன் நாடு, அவன் வரி' என்றார் ஒருவர். 'இனி லங்காவிக்கே போவோம், நம்ம காசு நமக்கே' என்றார் இன்னொருவர். நடுவில் ஒரு புண்ணியவான் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் வைத்தார்.

காளிதாசன் எந்தச் செய்தியையும் தலைப்போடு படித்து முடித்துவிடுகிறவர். படித்த சூட்டோடு மூன்று நிமிடம் பேசிக் குழுவில் அனுப்பிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையிடம் கைபேசி வேறு இருந்தது.

அந்த மூன்று நிமிடத்தின் நடுவில் இப்படி ஒரு பேச்சு: "மாசத்துல ரெண்டு சனிக்கெழம ஹாட்யாய் போறவங்க நாங்க. எங்களப் பாத்தா டூரிஸ்ட் மாதிரியா இருக்கு?"

நவமணியைப் பொறுத்தவரை அந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் காளிதாசனும் ஆர்தரும் கோலா மூடா கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய குற்றமெல்லாம் இல்லை. காளிதாசனுக்கு இனிப்புநீர் நோய் வந்ததிலிருந்து மூன்று வருடமாக வீட்டில் ஓட்ஸ். தாய்லாந்து எல்லை தாண்டினால் ஹாட்யாயில் பொரித்த கோழி, தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோறு. திரும்பும் வழியில் அலோர்ஸ்டார் பாசாரில் மீன் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது.

நவமணிக்கும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மகளிர் குழுவோடு பினாங்கில் கோயில். அவர் வடக்கே, அவள் தெற்கே. வழியில் பார்த்துக்கொள்ள வாய்ப்பே இல்லை என்று காளிதாசன் நிம்மதியாக இருந்தார். இந்த ஏற்பாடு போனால் மிச்ச ஆயுசுக்கும் ஓட்ஸ்தான்.

மெசேஜை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். முப்பத்தேழு பேர் கேட்டிருந்தார்கள். பட்டியலில் முதல் பெயரே நவமணி.

"கேட்டுட்டாங்கண்ணே," என்றான் ஆர்தர், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

நவமணி உள்ளேயிருந்து வந்தாள். கையில் கரண்டி ஏதும் இல்லை, பச்சைத் தைலம்தான் இருந்தது. போன வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து வாங்கி வந்தது. மூடி முழுக்க ஜாங்கிரியைப் பிய்த்துப் போட்ட மாதிரி எழுத்து. தினமும் காலையில் அவருடைய முட்டிக்கால் வலிக்குத் தேய்த்துவிடுவாள்.

வழக்கம்போலக் கீழே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"மூணு வருசமா மீன் புடிச்சிட்டு வர்றீங்க. ஒரு மீனாவது ஐஸ் கட்டி இல்லாம வந்துருக்கா? கடலுக்குள்ள யாருங்க ஐஸ் போட்டு வச்சது?"

ஆர்தர் நழுவப் பார்த்துச் செருப்பைத் தேடினான். போட்டுக்கொண்டு வரவே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

காளிதாசன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கோழியைச் சொன்னார், மாம்பழச் சோற்றைச் சொன்னார், ஒருமுறை இரண்டு தட்டு வாங்கியதையும் சொன்னார். சொல்லும்போதே வாயில் எச்சில் ஊறியது வேறு விஷயம். ஆனாலும் மூன்று வருடம் விடியலில் எழுந்து தனக்காகக் கஞ்சி கிண்டியவளை ஏமாற்றிவிட்டோமே என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"இனிமே போமாட்டேன் நவமணி, சத்தியமா. ஆர்தர் சாட்சி."

"என்னைய ஏண்ணே இழுக்குறீங்க?" என்றான் ஆர்தர்.

"அதான் வரியும் போட்டுட்டான். இனிமே ஆசப்பட்டாலும் போக முடியாது," என்றார் காளிதாசன்.

நவமணி தைலத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள். இடது முட்டி முடிந்து வலது முட்டிக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த வரி ராத்திரி தங்குறவங்களுக்குத்தாங்க. அன்னைக்கே திரும்பிட்டா ஒண்ணும் கட்ட வேணாம்."

காளிதாசன் அவசரமாகப் பேப்பரை விரித்தார். "அப்படியா போட்டுருக்கான்?"

"பேப்பர நான் பாக்கல." நவமணி தைலத்தை மூடித் திருகினாள். அவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்தாள்.

"எங்க பினாங்கு பஸ் டிரைவரு, சியாம் பார்டர்ல எறங்கிக் கேட்டுட்டு வந்தாரு."