அரைமணி நேரம் மூடிய பள்ளி

தலைமையாசிரியர் பிளண்டல் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவையே எடுத்து நீட்டினார். ரொவீனா அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

மேஜைமேல் ஒரு மஞ்சள் படிவம். 'என் பிள்ளையைப் பைபிள் வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. அரசுத் தொடக்கப்பள்ளியில் மதபோதனை கூடாது என்று கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் மனிதநேயச் சங்கத்தின் சார்பில் இரண்டு வருடமாக சூப்பர்மார்க்கெட் வாசலில் நோட்டீஸ் கொடுத்தவள் அவள். வாங்கியவர்கள் எல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்களே தவிர, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

“கோபப்படாதீங்க ரொவீனா” என்றார் பிளண்டல். “புதன்கிழமை ஒன்பதுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் சட்டப்படி ஸ்கூல் மூடியிருக்கு. நியூஸிலாந்து பூரா இதான் ஏற்பாடு. அந்த அரைமணி நேரம் சர்ச் ஆளுங்க வந்து நடத்தினா, அது எங்க பாடத்துல சேராது.”

“மூடின ஸ்கூல்ல டீச்சருங்க குடிச்ச கப்பையெல்லாம் என் பொண்ணைக் கழுவ வைக்கிறது யாரு? பேயா?”

“சும்மா உட்கார்ந்திருந்தா பாவம், குழந்தைக்குப் போரடிக்குமேன்னு...”

“ஏழு வயசு மிஸ்டர் பிளண்டல் அவளுக்கு! சாமி கும்பிடாத வீட்டுல பொறந்ததுக்குப் பாத்திரம் தேய்க்கணுமா?”

பிளண்டல் நாற்காலியில் சாய்ந்து கொண்டார். இரண்டு வருடமாக எதைக் கேட்டாலும் கடைசியில் எடுத்து விடும் பாட்டைத்தான் இன்றைக்கும் எடுத்தார்.

“எண்பத்துநாலு பிள்ளைங்க படிக்கிறாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்தது உங்க ஒரே வீடு. உங்க ஒருத்தருக்காக மத்தவங்க ஆசையில மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களா?”

ரொவீனா வாதம் பண்ணத் தெரியாதவள் அல்ல. ஆனால் எண்பத்துநாலுக்கு முன்னால் ஒன்று என்றால் என்னதான் பேசுவது?

காலையில் காரில் வரும்போது மகள் பிப்பா சொன்னது வேறு நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

“பைபிள் மிஸ் ஸ்கூல் பேர் லிஸ்ட்டைப் பார்த்து எண்ணி, ஆளுக்கு ஒரு மீன் மாதிரி சாக்லேட் கொண்டு வருவாங்கம்மா. எல்லா வாரமும் ஆறு மீந்துபோயிடும். நான் கப்பு கழுவுற இடத்துலதான் தட்டுல வச்சிட்டுப் போவாங்க. டீச்சருங்களுக்காம். எனக்கு ஒண்ணுகூடக் கிடையாது.”

ஆறு கிடந்தும் ஒன்றை எடுத்துக் குழந்தை கையில் கொடுக்க மனசு வரவில்லையே இந்தப் பாவிகளுக்கு!

பிப்பா அதோடு நிறுத்தவில்லை. “அவங்க எல்லாரும் சேர்ந்து சொர்க்கத்துக்குப் போவாங்களாம். நான் ஒருத்தி மட்டும் நரகத்துக்காம். அங்க எனக்கு யாரையுமே தெரியாதேம்மா.”

அதற்குமேல் ரொவீனாவுக்குத் தெம்பில்லை. கொள்கை தன்னுடையது, தண்டனை குழந்தைக்கா? பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உங்க கடவுள் என்னை ஜெயிக்கல. என் பொண்ணு தனியா நிக்கிறா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.”

“நல்ல முடிவு. படிவத்தை ஆபீஸ்ல குடுத்துடுங்க” என்றார் பிளண்டல். முகத்தில் அப்படியொரு கனிவு. ஓங்கி அறையலாம் போல இருந்தது ரொவீனாவுக்கு.

வெளியே வந்தாள். வகுப்பறைகளிலிருந்து கைதட்டலும் பாட்டும் கேட்டன. ஒன்பதரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கப்புகளை அப்படியே போட்டுவிட்டு வா என்று பிப்பாவைக் கூப்பிடப் போகும் வழியில், உடம்பு சரியில்லாத பிள்ளைகளைப் படுக்க வைக்கும் அறையின் கதவு திறந்தது.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்தபடி வந்தார். பால் லாரி ஓட்டும் ஹேமி. பள்ளி வாசலில் பார்த்துத் தலையாட்டிய பழக்கம்தான்.

“என்னாச்சு, பையனுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டாள்.

“காய்ச்சலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல தங்கச்சி. கல்லுகுண்டாட்டம் இருக்கான். புதன்கிழமைன்னா இவனைக் கொண்டுபோய் இந்தக் கட்டில்ல போட்டுக் கதவைச் சாத்திடறாங்க.”

“ஏன்?”

ஹேமி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அதே மஞ்சள் படிவம். கீழே அவர் கையெழுத்து இருந்தது.

“ஒரு வருஷம் மல்லுக்கட்டிப் பார்த்துட்டேன், முடியல. ஹெட்மாஸ்டர் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு?”

“என்ன சொன்னார்?”

“இந்த ஸ்கூல்லயே அந்தக் கிளாஸ் வேண்டாம்னது நான் ஒருத்தன்தானாம்.”