எந்தக் கன்னம்

போனில் படம் எடுத்தால் தழும்பு, மரு, பரு எல்லாம் தானாகவே அழிந்துபோகும் காலம் அது. அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புகைப்படப் பாடம் நடத்தும் எமல்டா டீச்சர், தலைகீழாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். வீட்டில் ஒருவரைப் படம் எடுத்து, போன் அழித்ததைத் திரும்ப வரைந்து கொண்டுவர வேண்டும்.

எடிட்டிங்கில் ஜெசிந்தாவை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை. அம்மாவின் கன்னத்தில் எண்ணெய் தெறித்து விழுந்த தழும்பைப் பத்தே நிமிடத்தில் வரைந்து முடித்து, அம்மாவிடமே நீட்டினாள்.

அம்மா சிரித்துவிட்டாள். "அச்சு அசலா இருக்குடி. ஆனா எனக்குத் தழும்பு வலது கன்னத்துல. நீ இடதுல போட்டிருக்க."

எங்கே பிசகியது என்று ஜெசிந்தாவுக்கு உடனே புரிந்தது. தினமும் அம்மா பின்னால் நின்றுதான் சடை பின்னுவாள். அந்த முகத்தை இவள் நிதானமாகப் பார்ப்பதெல்லாம் எதிரே இருக்கும் கண்ணாடியில்தான்.

மறுநாள் காலையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அம்மாவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"முன்னால நின்னு எப்படிடி பின்றது? கோணிக்கிட்டுப் போகும்."

"போகட்டும்மா. நீ பின்னு, நான் உன்னப் பாக்கணும்."

படத்தில் தழும்பு சரியான கன்னத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்று வகுப்பில் எல்லோரையும் நிற்கவைத்து டீச்சர் ஒரு படம் எடுத்தார். போன் ஜெசிந்தாவின் சடையை நேராக்கிக் காட்டியது. அவள் போனைக் கேட்டு வாங்கி, முதல் வேலையாகப் படத்தில் சடையைத் திரும்பக் கோணலாக்கினாள்.