நான் எழுதாத ஃபைல்

வெள்ளிக்கிழமையோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். இந்த வேலை எனக்கு நிலைத்தாக வேண்டும்.

ரெட்டியார்பாளையம் ஆபீஸில் டீம் லீடர் அருள்முருகன் காலையிலேயே ஆரம்பித்தார். "டிஸ்க் ரொம்பிப் போச்சு. உன் எடிட்டர் போடுற குப்பைய வேற எங்கனா கொட்டும்மா."

"குப்பை இல்ல சார். நான் எழுதுற புரோகிராம மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்தி வெக்குது."

"ஏதோ ஒண்ணு. எடத்த மாத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு டிரைவில் புது ஃபோல்டர் திறந்தேன். இனிமேல் அங்கே சேமிக்கும்படி எடிட்டரில் அமைத்தேன். நான் எழுதிய புரோகிராம்கள் பதினொன்று. ஃபோல்டரில் பன்னிரண்டு ஃபைல்கள் விழுந்தன. கூடுதலாக வந்ததன் பெயர் 'பஸ்பாஸ்'. நான் அப்படி எதையும் எழுதவில்லை. அழித்தேன். திரும்பவும் வந்தது.

மூன்று மணிக்கு அருள்முருகன் வந்தார். "கிளையன்ட் இன்னொண்ணு கேக்குறாங்க. பசங்களோட பஸ் பாஸுக்கு. பேரு பஸ்பாஸ்னே வெச்சிக்க."

எழுதி முடித்தேன். ஃபோல்டரில் இப்போது பதின்மூன்று இருந்தன. புதியதன் பெயர் 'தேவிப்பிரியாவிடம்_ஒப்படைப்பு'. அதை நான்கு முறை அழித்தேன்.

எங்கள் ஆபீஸில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. நேரே அருள்முருகன் மேசைக்குப் போனேன்.

"சார், தேவிப்பிரியா யாரு?"

அவர் சட்டென்று லேப்டாப்பை மூடினார்.

"உங்கிட்ட யாரு சொன்னது? அவங்க திங்கக்கிழமதான சேர்றாங்க."