சிஸ்டத்தில் கோளாறு

ரஞ்சனிக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த வீட்டின் மாடி அறையை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தான் அவள் புருஷன் ஜீவானந்தம். கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு என்று ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பாடிவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் ஒரே குறையைச் சொன்னார்கள். தம்பி தங்கமானவர், அவர் சிஸ்டம்தான் சரியில்லை என்று.

பாடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்வானாம். ஒரு தரம் சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது என்பானாம். இன்னொரு தரம் கீபோர்டை அமுக்கினால் சத்தம் தாமதமாக வருகிறது என்பானாம். கேபிள் லூஸ், கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மிடி சிக்னல் போகவில்லை என்று ஆளுக்கொரு கோளாறு.

போன வாரம் ஒரு கல்லூரி விழாப் பாட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. அவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

ரிப்பேராவது பாருங்கள் என்று அவளும் பலமுறை சொல்லிவிட்டாள். "பாக்கலாம்" என்பதற்கு மேல் அவன் வாய் திறக்கவில்லை.

பொறுக்க முடியாமல், பெங்களூரில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கும் தம்பி வளவனை வரச் சொன்னாள். காலையில் ஜீவானந்தம் வெளியே போன நேரம் பார்த்து மாடிக்குக் கூட்டிப்போனாள்.

வளவன் செட்டிங்ஸை எல்லாம் பார்த்தான். கேபிள்களைக் கழற்றி மாட்டினான். கீபோர்டில் விரல் பட்டதும் சத்தம் வந்தது. மைக்கில் பேசிப் பதிவு செய்து கேட்டான். கொரகொரப்பு இல்லை, விட்டுவிட்டும் வரவில்லை.

"அக்கா, இதுல ஒரு குறையும் இல்ல. மச்சான்தான் தெரியாம எதையோ அமுக்கறாரு."

ரஞ்சனிக்கு முகம் சுண்டிவிட்டது. சிஸ்டம் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது?

சாயங்காலம் சென்னிமலை வந்தார். நாமக்கல் பக்கம் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். மகள் யுவஸ்ரீயின் கல்யாணத்தில் போடுவதற்கு, தானே எழுதிய பாட்டைத் தன் குரலிலேயே பதிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. சம்பந்தி தீனதயாளனும் கூட வந்து, சோபாவில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீ கொண்டு போன ரஞ்சனி கீழே இறங்கவில்லை. புருஷன் எதை அமுக்குகிறான் என்று பார்த்துவிட வேண்டும். சும்மா கிடந்த இன்னொரு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் நின்றாள்.

சென்னிமலை நன்றாகத்தான் ஆரம்பித்தார். மகள் பெயர் வரும் அடியில் குரல் உடைந்துபோனது. தீனதயாளனின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. சென்னிமலை அதைப் பார்த்துவிட்டார்.

ஜீவானந்தம் சட்டென்று நிறுத்தினான்.

"மன்னிச்சுக்குங்க சாமி, தப்பு இங்கதான். மியூசிக் உங்க காதுக்கு லேட்டா வருது. இப்படி வந்தா யாருக்கா இருந்தாலும் தடுமாறத்தான் செய்யும்."

மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கேபிளை வெறுமனே பிடுங்கி மாட்டினான். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னான்.

ரஞ்சனி அசையாமல் நின்றாள். அவள் ஹெட்போனில் இசை ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.

மறுபடி பாடினார். அதே அடி, அதே இடம். குரல் மறுபடியும் உடைந்தது. இந்தத் தடவை சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்றான் ஜீவானந்தம்.

"அதானே பாத்தேன்," என்றார் சென்னிமலை. விறைத்திருந்த அவர் தோள் இறங்கியிருந்தது. "ஊட்டுல நல்லாத்தானுங்க பாடுனேன்."

தீனதயாளனுக்குச் சந்தேகம் தீரவில்லை. ரஞ்சனி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்த சிஸ்டம் எப்பவுமே இப்படித்தானா?"

ஜீவானந்தம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

ரஞ்சனி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"எப்பவும் இதே தொல்லைதானுங்க. காலையிலகூட என்ர தம்பி வந்து பாத்துட்டு, இது இனித் தேறாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."